அவர் தங்கையும்

அக்காவின் அம்மா இறந்தது ஒரு சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. நேரம் சரிதான், நான்தான் குறித்தேன். கீழே கடையில் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அக்கா இறங்கிவந்து, கடைசிப் படியில் நின்று, "முடிஞ்சுதும்மா" என்றார். ஜிப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் அஞ்சு நிமிஷம்க்கா" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அக்கா என்று நான் சொல்வது என் முதலாளியை. அவருக்கு எழுபது வயது. ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். கால் உயரம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஓட்டை விழுந்த பாக்கெட்டை மாற்றுவது எங்கள் வேலை. அவருடைய அம்மா மாடியில் இருந்தார். வயது நூற்றுமூன்று. நான் வேலைக்குச் சேர்ந்த இந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் காலை ஏழு மணிக்கு மேல் தூங்கி நான் பார்த்ததில்லை. என்னை 'ஊசி' என்று கூப்பிடுவார். ஒல்லியாக இருப்பதாலா, செய்கிற வேலையாலா என்று கேட்டேன். "குத்திக் குத்திக் கேள்வி கேக்குறியே, அதனால" என்றார்.

அவரிடம் ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. 'நான்' என்று சொல்லவே மாட்டார். "நாங்க சாப்பிட்டாச்சு." "எங்களுக்கு முட்டி வலிக்குது." "எங்களை யாரும் தூக்க வேண்டாம், நாங்களே எந்திரிப்போம்." அறையில் அவர் ஒருவர்தான் இருப்பார். அக்காவின் அண்ணன் அதனாலேயே அம்மாவுக்கு 'சபை' என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு எழுபத்துநான்கு வயது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒரு முறை வருவார். மாடிப்படி ஏறும்போதே, "என்ன, சபை கூடியாச்சா?" என்று குரல் கொடுப்பார். "கூடியாச்சு, கலைஞ்சும் போச்சு. நீ லேட்டு" என்று மேலேயிருந்து பதில் வரும்.

இறந்துபோன கணவரையும் சேர்த்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று பிள்ளைகள் இருவரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அது எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா இரண்டு காரியம் சொன்னார். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவருக்கு வரும் சனிக்கிழமை மதியத்துக்குள் பெயரும் வயதும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கல் வைக்கும்போது, அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் எழுத வேண்டும்.

"நானாக்கா? எனக்கு எழுத வராதே."

"தினமும் நோட்டுல எழுதுறியே?"

"அது மாலை வகுப்புக்காக எழுதுற டைரி. அதுலயும் போன தடவை சிவப்பு மைதான் நிறைய."

"சிவப்பு மை இல்லாத இடத்தை மட்டும் எடுத்து எழுது" என்றார்.

எனக்கு எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன்: என்ன நடந்தது, அப்போது வயது என்ன, யார் சொன்னது, நம்பலாமா. கீழே வரிசையாக எழுதினேன். பதினாறு வயதில் பாட்டில் தொழிற்சாலையில் சேர்ந்தார். நாற்பத்திரண்டு வருடம் ஒரே பிரிவு. ஐம்பத்தெட்டில் ஓய்வு. எல்லாம் தொழிற்சாலைக் கடிதத்தில் இருந்தது. அவருடைய பேச்சுகளை என் டைரியிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். வகுப்பில் ஒருமை பன்மை மயக்கத்தைப் பற்றி எங்கள் ஆசிரியர் மிகவும் கண்டிப்பாக இருப்பார். ஆகவே 'நாங்க' என்று வந்த இடங்களை எல்லாம் 'நான்' என்று திருத்தினேன். மொத்தம் பதினேழு இடம். திருத்தி முடித்ததும் பக்கம் சுத்தமாகிவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா பழைய போட்டோக்களைக் கொடுத்தார். அதில் இரண்டு, தொழிற்சாலையில் எடுத்தவை. முதலாவது சேர்ந்த வருடம். இரண்டாவது, அதற்கு இரண்டு வருடம் கழித்து. இரண்டிலும் பெண்கள் ஒரே கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். இரண்டிலும் அம்மா அதே மேல்கோட்டைப் போட்டிருக்கிறார்; பாக்கெட்டில் அதே எண்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நான் கையைப் பார்த்தேன். முதல் போட்டோவில் கோட்டின் கையில் மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்திருந்தது. இரண்டாவதில் மடிப்புகளைப் பிரித்துவிட்டிருந்தார்கள். பிரித்த இடத்தில் துணி வெளுத்திருக்காது; மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அப்படியும் கை மணிக்கட்டில் சரியாக நின்றது. கதவு நிலையை வைத்து உயரத்தையும் அளந்தேன். என் அளவில் எனக்கே சந்தேகம். மூன்று முறை அளந்தேன். நான்கு விரல் வளர்ந்திருந்தார். பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் ஒரு பெண் அவ்வளவு வளர்வாளா? எங்கள் கடைக்குப் பள்ளிச் சீருடை எத்தனை வருகிறது! கை நீளம் பிரிக்க வருவதெல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்களுடையவை. பதினாறில் எல்லாரும் இடுப்பைத்தான் பிடிக்கச் சொல்வார்கள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று அரை நாள் யோசித்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். அண்ணனும் இருந்தார்.

"அப்போ அம்மாவுக்கு நூத்திமூணு இல்லைங்கிறியா?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணே. நூறா இருக்கலாம்னு..."

"இங்க பாரு ஊசி. மீட்டர்ல என்ன காட்டுதோ அதான் ரீடிங். நாற்பது வருஷம் நான் பார்த்த வேலை. நூத்திமூணு காட்டுது. பின்னாடி திருப்பி வைக்க நீ யாரு?"

அக்கா சிரிக்கவில்லை. போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். அவரும் தையல்காரர்தானே. "மூணு மடிப்பு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "குட்டியைக் கேக்கலாம்" என்றார்.

குட்டிக்குத் தொண்ணூற்றொரு வயது. தொழிற்சாலையில் சேர்ந்தபோது பிரிவிலேயே சின்னவர் என்பதால் வந்த பெயர், இன்னும் போகவில்லை. முப்பது வருடம் அம்மாவுக்கு எதிர் இருக்கையில் வேலை பார்த்தவர். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. அக்கா பக்கத்தில் குனிந்து கத்தத் தொடங்கியதும் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய், எதுக்குக் கத்துற? எதிர்ல உக்காரு. வாயைப் பார்த்தா எனக்குப் போதும்."

எதிரில் உட்கார்ந்தோம். அவர் தாமாகவே தொழிற்சாலையில் வேலை பார்த்த இடத்தை எங்களுக்கு விவரித்தார். கீழேயிருந்து வெளிச்சம் வரும் ஒரு நீண்ட மேசை. நடுவில் பாட்டில்கள் வரிசையாக ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள். கண்ணாடியில் இழை விரிசல் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் அலறினாலும் கேட்காது. ஆகவே எல்லாரும் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். குரலே வராது.

"மேஸ்திரியைத் திட்டுறதும் அப்படித்தான். அவர் பின்னாடியே நிப்பார், பாவம்" என்று சிரித்தார்.

அக்கா மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டார்: "அம்மா ஏன் எப்பவும் நாங்க நாங்கன்னே சொல்வாங்க?"

குட்டியின் சிரிப்பு நின்றது.

"செத்துப்போயாச்சு. இனி சொன்னா வேலை போகாது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்தார். "நானும் அதைத்தான் கேட்டேன். சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். 'நாங்க டீ குடிக்கப் போறோம்'னா. முதல்ல, நாமன்னு சொல்றா, என்னையும் கூப்பிடுறான்னு எந்திரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. நாமன்னு சொன்னா உதடு மூடும். சொல்லிப் பாருங்க."

இருவரும் சொல்லிப் பார்த்தோம். நாம. மூடியது.

"இப்போ நாங்க."

மூடவில்லை.

"அவ உதடு மூடவே இல்ல. அப்போ அதுல நான் கிடையாது. வேற ஒருத்தி இருக்கா. யாருடி இன்னொருத்தின்னு கேட்டேன். எங்க அக்கான்னா."

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே வரிசையாக டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காக்காரிக்குப் பதினாறு வயது. தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கோட்டும் கொடுத்துவிட்டார்கள். சேர்வதற்கு ஒன்பது நாள் முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. தங்கைக்குப் பதின்மூன்று. அக்காவின் வயதுச் சான்றிதழோடு, அக்காவின் பெயரோடு, கையில் மூன்று மடிப்புப் பிடித்த அக்காவின் கோட்டோடு தங்கை போய் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. அன்று காலையிலிருந்து அவளுடைய தாய் அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. எங்காவது வாய் தவறிவிடும் என்ற பயம்.

"கல்யாணம் ஆனப்போ?" என்று அக்கா கேட்டார்.

"அந்தப் பேர்லதான். உங்க அப்பாகிட்டயும் சொல்லல. பழகிப்போச்சுன்னா. நான் அவளை அக்கான்னு கூப்பிட்டேன், ஒன்பது வயசு பெரியவ இல்லையா? அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'அக்கான்னு கூப்பிடாதே. அது அவளுக்கு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.' அன்னைக்கு ஒரு நாள்தான் அவ 'என்னை'ன்னு சொல்லி நான் பார்த்தது. அதுலேர்ந்து தினமும் வேலை ஆரம்பிக்கும்போது ஒரு தடவை கூப்பிடுவேன். பாட்டிலுக்கு நடுவுல. அவ தலையை ஆட்டுவா. அப்புறம் வேலை."

முப்பது வருடம், தினமும் ஒரு தடவை. மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"என்ன பேர்?" என்றார் அக்கா.

குட்டி சொன்னார். குரல் வரவில்லை. உதடுகள் சேர்ந்து மூடின, அகலத் திறந்தன, நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒரு கணம் பட்டது, மறுபடி திறந்தன. அவ்வளவுதான்.

"சத்தமா சொல்லுங்க."

"எனக்குச் சத்தம் தெரியாதே. அவளும் குரல் கொடுத்துச் சொன்னதில்ல. நான் பார்த்ததுதான், கேட்டதில்ல."

அக்கா அந்த உதட்டசைவைக் கவனித்து, தாமே குரல் கொடுத்து ஒரு பெயர் சொன்னார். 'ம'வில் தொடங்கும் பெயர்.

"அதான்! அதேதான்!" என்றார் குட்டி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

எனக்கு என்னவோ உறுத்தியது. அதே பெயரை 'ப' வைத்துச் சொன்னேன். அதுவும் ஒரு பெயர்தான்.

"ஆமா, அதேதான்!" என்றார் என்னைப் பார்த்தும்.

'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அக்காவும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். எதைச் சொன்னாலும் குட்டி தலையை ஆட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை எல்லாமே அந்தப் பெயர்தான்.

திரும்பி, கடைக்குள் வந்து விளக்கைப் போட்ட பிறகு அக்கா சொன்னார்: "ஸ்கூல் படிவத்துலேர்ந்து ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும், தாயார் பேர்னு கேட்ட இடத்துலெல்லாம் பெரியம்மா பேரை எழுதியிருக்கேன். எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாங்கன்னே தெரியாம. கல்லுலயாவது அம்மாவைச் சரியாக் கூப்பிடணும். அதுக்கும் ஒரு எழுத்து தெரிய மாட்டேங்குது."

அன்று வீட்டுக்குப் போய், பழைய டைரிகளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அம்மா எங்காவது அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார், நான் புரியாமல் எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். பெயர் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

மூன்று வருடத்துக்கு முன், அவருடைய நூறாவது பிறந்தநாள். தெருவே வந்திருந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "சபைக்கு நூறு ஆச்சு, என்ன சொல்லுது சபை?" என்று கேட்டார். அம்மா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்: "ஒருத்திக்கு ஆச்சு." எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

பிறகு, இந்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு. பிறந்தநாளும் இல்லை, விசேஷமும் இல்லை. அம்மா நல்ல உடுப்பு உடுத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினான்கு படியும் தாமே இறங்கி, கடைக்குள் வந்து உட்கார்ந்தார். அக்கா வெளியே போயிருந்தார். டீ கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டாவதும் முடிஞ்சுது, ஊசி" என்றார். அதைக் குறித்துவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இரண்டாவது டீ' என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அறையில் யாரும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதினாறு வயதில் போனவளுக்கு நூறு வயது நிறைவாக்கிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் இருந்து, தம்முடைய நூறையும் முடித்திருக்கிறார். எண்பத்தேழு வருடம் ஒரு உடம்பில் இரண்டு பேருக்கும் வயது எண்ணியிருக்கிறார், ஒரு நாள்கூடத் தவறாமல். அந்தக் கணக்கு முடிந்த நாளில் கீழே இறங்கிவந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் டீ என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அக்காவிடமும் அண்ணனிடமும் அந்த இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் படித்தார். அவர் சொன்னது இது மட்டும்தான்: "அப்போ ரெண்டு மீட்டர் ஓடியிருக்கு. நான் ஒண்ணைத்தான் பார்த்திருக்கேன்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கல் வெட்டுகிறவரிடம் போனோம். கொட்டகை முழுதும் வெள்ளைத் தூள்; அவருடைய புருவம்கூட வெள்ளை. காதில் பென்சில் செருகியிருந்தார்.

"பேர் சொல்லுங்கம்மா."

அக்கா பெரியம்மாவின் பெயரைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

"அதுக்குக் கீழ, 'அவர் தங்கையும்'னு போடுங்க."

"தங்கை பேர்?"

"வேண்டாம். அவர் தங்கையும். அவ்வளவுதான்."

"தங்கைக்குப் பேர் இல்லையாம்மா?"

"இருக்கு. எழுத்து தெரியல. ப-வா ம-வான்னு குலுக்கிப் போட்டு எங்க அம்மாவுக்குப் பேர் வைக்க மாட்டேன்."

அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். "வெட்டினா வெட்டினதுதான் சார். அப்புறம் அழிக்க முடியாது."

"தெரியும். அவ சொல்றபடி வெட்டுங்க" என்றார் அண்ணன்.

"வயசு?"

நூற்றுமூன்று என்று அண்ணன் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் அக்காவைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நூறு நூறு" என்றார்.

நான் எழுதிய பக்கத்தில் பதினேழு இடத்திலும் 'நான்' என்பதை அடித்துவிட்டு 'நாங்க' என்று எழுதினேன். அதை வகுப்பில் காட்டினால் சிவப்பு மை வரும். காட்டவில்லை.

கல் வைத்த அன்று பன்னிரண்டு பேர் இருந்தோம். குட்டியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தோம். பக்கத்தை வாசித்தேன். இரண்டு இடத்தில் திக்கினேன். முடித்த பிறகு எல்லாரும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார்கள்.

அக்கா கல்லுக்கு முன்னால் போனார். எதிரில், வேலை மேசையில் உட்காருவது போல, நேராக உட்கார்ந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. உதடுகள் சேர்ந்து மூடின, அகலத் திறந்தன, நாக்கு பல்லுக்குப் பின்னால் பட்டது, மறுபடி திறந்தன. குரல் வரவில்லை. அப்படிச் சொன்னால் தவறு வர வழியே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலியிலிருந்து குட்டி அதைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அண்ணன் இரண்டு அடி முன்னால் வந்தார். "என்ன சொன்ன? சத்தமா சொல்லு, எனக்குக் கேக்கல."

"உனக்குச் சொல்லலண்ணே" என்றார் அக்கா.